களி

வேலூர் பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கியபிறகு
கடைசியாக இறங்கினாள் மாதேஸ்வரி.
கையில் ஒரு கட்டைப்பை,
ஜவுளிக்கடைப் பெயர் பாதி அழிந்தது.

பதினோரு வருஷத்தில் நான் அவளைப் பார்க்கப் போனது
ஒரே தடவை, அதுவும் வாசல்வரைக்கும்.
மனுவில் ‘உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது.
இரவல் வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
அடுத்த பஸ் ஏறிவிட்டேன்.
இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் வரும்வரை
அவள் ஜன்னலைப் பார்த்தாள், நான் டிக்கெட்டைப் பார்த்தேன்.
மாங்கூழ் ஆலை வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்க
‘நீலமா, பெங்களூராவா?’ என்றாள்.
‘பெங்களூரா.’
அன்றைக்கு நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

வீட்டில் கொல்லைக்குப் போவதென்றாலும்
என் முகத்தைப் பார்த்து நின்றாள்.
சாத்தியிருந்த கதவை அவளாகத் திறக்கவில்லை.
விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.
‘வேலூர்ல என்ன வேலை பெரியம்மா?’ என்றது என் பிள்ளை.
‘தையல்’ என்றாள்.
பொய் இல்லை.
‘சீசன் முடியறவரைக்கும் தானே?’ என்றார் இவர்,
சட்டையைக் கொடியில் போட்டபடி, யாரையும் பார்க்காமல்.

ஆறு நாளும் சோறுதான் பொங்கினேன்.
தினம் களி கிண்டுகிற வீடு இது.
ஆனால் உள்ளே போய்வந்தவளின் தட்டில்
களி உருண்டையை எந்தக் கையால் வைப்பது?
சில்லறைத் தகராறுக்கே
‘களி திங்க வெச்சிருவேன்’ என்கிற ஊரில்?
கேழ்வரகு மாவு டப்பாவை
பீரோமேல் ஏற்றி, முன்னால் போர்வையை அடைத்தேன்.

ஏழாம் நாள்
மாம்பால் பட்டு வெந்த விரல்களோடு ஆலையிலிருந்து வந்தால்
டப்பா கீழே இருந்தது.
பக்கத்தில், அதன் பின்னால் நான் சொருகியிருந்த கட்டும்.
ரப்பர் பேண்டு போட்ட இன்லேண்டுகள், முப்பத்திரண்டு.
ஒன்றுகூடப் பிரிக்காதது.

நிலைப்படியிலேயே நின்றேன்.

‘பிரிக்காதது நல்லதுதான் பூங்கா.
எல்லாத்துலயும் நல்லா இருக்கேன்னுதான் எழுதியிருக்கும்.
வார்டரம்மா படிச்சிட்டுத்தான் ஒட்டுவாங்க.
அவங்களுக்கு எழுதினது அது.’
மாவை முறத்தில் கொட்டி வண்டு பார்த்தாள்.
‘அங்கயும் சோறுதான் போட்டாங்க.
களியெல்லாம் வெளிய இருக்கறவங்க சொல்ற பேச்சு.
நீயும் சோத்தைப் போட்டே என்னைக் கொல்றியே.’

அந்தச் சொல்.
எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக
யாரும் வாயில் வைக்காதது.
கொசு அடிப்பதற்குக்கூட வேறு வார்த்தை வைத்திருந்தோம்.
முறம் அசையாமல் நின்றது.
பிறகு அவளுக்கு ஏதோ வந்தது,
இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.
எனக்கும் வந்தது.

கொல்லை அடுப்பில் உலை வைத்தோம்.
நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, நடுவில் குழிபறித்து மூடினாள்.
தண்டுக்கீரை ஆய்ந்தபடி
நான் வேறொரு சாயங்காலத்தில் இருந்தேன்.
என்னைப் பெண்பார்க்க வந்திருந்தார்கள்.
காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
மூன்று தடவை அடித்தது போன்.
மூன்று தடவையும் அவள் பெயர்.
மாமா விழுந்துகிடந்தது அன்று ராத்திரி.

பானையை இறக்கித் தரையில் வைத்தாள்.
கரித்துணி சுற்றி நான் விளிம்பைப் பிடிக்க
துடுப்பை இரண்டு கையாலும் பற்றிக் கிண்டினாள்.
பதினோரு வருஷத்து ஆத்திரமும் அதில் இருந்திருக்கலாம்,
களிக்கே அவ்வளவு பலம் வேண்டும்தான்.
ஆவியில் அவள் முகம் தெரியவில்லை.
அதனால் சொன்னேன்:
‘அன்னைக்கு போன் அடிச்சது கேட்டுச்சுக்கா.’

துடுப்பு நின்றது. ஒரு மூச்சு.

‘பானையை அழுத்திப் பிடி’ என்றாள்.
‘கட்டி விழுது.’